குண்டின் வேகத்தை அளந்த கணிதர்

கடலூரை அடுத்துக் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் உண்டு. அப்பெயரைக் கேட்போர் அது ஏதோ குண்டான கல்லையோ குளத்தையோ குறிப்பது என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. 1690-ஆம் வருஷத்தில், செஞ்சியிலிருந்து அரசு செலுத்திய மராட்டிய மன்னர் ராஜாராமிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சேர்ந்து வர வேண்டிய நிலத்தின் எல்லையைச் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து நாலா திசையிலும் பீரங்கி சுடுவது, குண்டு போய் விழுந்த இடம்வரை கும்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது மருந்து கெட்டிச் சுடுகிறவனுடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது என்று சென்னையிலிருந்த கும்பெனி அதிகாரிகள் தங்கள் ஆட்களுக்குக் குறிப்பாகத் தெரிவித்தார்கள். நெல்லும் தென்னையும் குடிகளும் நிறைந்த ஊர்கள் இவ்விதம் ஒரு நாளைய வெடிச்சத்தத்தில் கைமாறின. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சரியாக அறுபது வருஷங்களுக்குப் பிறகு, 1750-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், அதே கோட்டைக்கு ஒரு மனிதர் கப்பலிலிருந்து வந்து இறங்கினார். பீரங்கியிலிருந்து புறப்படும் குண்டு என்ன வேகத்தில் செல்கிறது, ஏன் அத்தூரத்தில் விழுகிறது, ஏன் குறி தவறுகிறது என்பவை அதுவரை உலகில் ஒருவருக்கும் தெரியா என்று நிரூபித்து, அவற்றைத் தாமே அளந்து காட்டியவர் அவர். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். ஐரோப்பாவின் பெரிய கணிதப் புலவர்கள் அவருடைய நூலை மேஜையில் வைத்துக்கொண்டு உரை எழுதிய காலம் அது. நம் கரையில் அவர் வாழ்ந்தது ஒரு வருஷமும் சில நாட்களுமே. 1751-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி, தம் 44-ஆம் வயதில், ஸெயின்ட் டேவிட் கோட்டையில் அவர் உயிர் நீத்தார்.

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்திலுள்ள பாத் நகரத்தில் பிறந்தார். தகப்பனார் தையற்காரர். குடும்பம் க்வேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தது. யுத்தமே பாவம், ஆயுதம் தொடுவது கிறிஸ்துவின் வழிக்கு மாறானது என்று அனுஷ்டானத்தில் காட்டுகிறவர்கள் க்வேக்கர்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை உலகத்துப் படைகளுக்கெல்லாம் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தது விந்தையே. சர்வகலாசாலைப் படிப்புக்கு வசதியில்லை. தாமாகவே கணிதம் பயின்றார். அவர் எழுதிய சில தாள்கள் லண்டனிலிருந்த டாக்டர் பெம்பர்டன் கைக்கு எட்டின. நியூட்டனுடைய பெருநூலின் மூன்றாம் பதிப்பை அம்மேதையின் மேற்பார்வையிலேயே பதிப்பித்தவர் இந்தப் பெம்பர்டன். தாள்களைப் பார்த்தவர் பையனை லண்டனுக்கு வரச் சொன்னார். பண்டைக் கிரேக்கர்களின் க்ஷேத்திர கணிதத்திலிருந்து தொடங்கி முறையாகப் படிக்கும்படி அவரே வழியும் காட்டினார். 1727-இல், இருபது வயதில், ராபின்ஸ் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினர் ஆனார். நியூட்டன் மறைந்ததும் அதே வருஷத்தில்தான்.

லண்டனில் கணிதம் சொல்லிக் கொடுத்து ஜீவனம் நடத்திய அக்காலத்தில் க்வேக்கர் உடையையும் ஆசாரத்தையும் அவர் விட்டுவிட்டார். வாக்குவாதத்தில் அவருக்கு மிகுந்த விருப்பம். மோதும் பொருள்களின் விதியைப் பற்றி ஜொஹான் பெர்னூலி எழுதியதை மறுத்தார். நியூட்டனின் நுண்கணித முறைக்கு அடிப்படையே இல்லை என்று பிஷப் பெர்க்லி ஏளனம் செய்தபோது, 1735-இல் அதற்குப் பதிலாக ஒரு நூல் எழுதினார். ஆய்லர் என்னும் பெரும் கணிதர் எழுதிய இயக்க சாஸ்திர நூலையும் 1739-இல் கடுமையாகத் தாக்கினார். இந்தக் கடைசிச் சண்டை பிற்காலத்தில் எதிர்பாராத விதமாய் முடிந்தது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடம் சொல்வதில் அவருக்கு விரைவில் சலிப்புத் தட்டியது. பாலங்கள், ஆலைகள், துறைமுகங்கள், சதுப்பு நிலங்களை வடிய வைத்தல் ஆகிய காரியங்களில் ஈடுபட்டார். ப்ளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று அங்குள்ள கோட்டை கொத்தளங்களைப் பார்த்து வந்தார். பீரங்கிச் சாஸ்திரத்தில் அவர் மனம் சென்றது இவ்வாறே.

1741-இல் உல்விச் என்னுமிடத்தில் பீரங்கிப் படையாருக்கு ஒரு ராணுவக் கலாசாலை ஏற்பட்டது. அங்கே கணிதப் பேராசிரியர் பதவிக்கு ராபின்ஸைவிடத் தக்கவர் இங்கிலாந்தில் இல்லை. ஆயினும் பதவி வேறொருவருக்குப் போயிற்று. பிரதம மந்திரி வால்போலின் கொள்கைகளைக் கண்டித்து 1739-இல் அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களே இதற்குக் காரணம் என்று அவர் சரிதம் எழுதியோர் கருதுகின்றனர். சர்க்காரைக் குறை கூறியவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடையாது என்னும் நியதி எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவானது. 1742-இல் வால்போல் பதவி துறந்ததும் அவருடைய நிர்வாகத்தை விசாரிக்கக் காமன்ஸ் சபை ரகசியக் கமிட்டி ஒன்றை நியமித்தது. அதற்குக் காரியதரிசியாக அமர்ந்தவர் ராபின்ஸ். அதே வருஷத்தில், கலாசாலையில் உபந்நியசிப்பதற்காகத் திரட்டி வைத்திருந்த விஷயங்களைப் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் என்ற சிறு நூலாகப் பிரசுரித்தார்.

அந்நூலின் பெருமையை அறிய வேண்டுமானால் அதற்கு முன்பிருந்த நிலையை நாம் அறிய வேண்டும். எறியப்பட்ட பொருள் பரவளைவு என்ற வளைகோட்டில் செல்லும் என்று கலிலியோ 1638-இல் நிறுவினார். காற்று இல்லாவிடத்தில் அது சரி. காற்றோ மிக மெல்லியது, ஈயக் குண்டோ மிகக் கனத்தது, ஆகையால் காற்றின் எதிர்ப்பைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்று நூறு வருஷ காலம் புத்தகம் எழுதியவர்கள் எல்லோரும் சொல்லி வந்தார்கள். பீரங்கிக்காரர்களுக்கோ அப்புத்தகங்களால் ஒரு பயனும் விளையவில்லை. அவர்கள் பழக்கத்தையும் கண்ணையும் நம்பிச் சுட்டார்கள். குண்டின் வேகத்தை யாராவது அளந்தாலல்லவா வழக்குத் தீரும்? கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் பொருளை அளப்பது எங்ஙனம்?

ராபின்ஸ் செய்த உபாயம் ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். மூன்று கால் நட்டு, அதிலிருந்து ஓர் இரும்பு ஊசலைத் தொங்கவிட்டார். ஊசலின் அடிப்பாகத்தில் கனத்த மரப்பலகை ஒன்றைப் பொருத்தினார். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 56 பவுண்டு எடை. துப்பாக்கிக் குண்டின் எடையோ ஒரு பவுண்டில் 12-இல் ஒரு பங்கு. சுட்ட குண்டு பலகையில் பதிந்து நின்றுவிடும், ஊசல் பின்னே சாயும். குண்டிடமிருந்த இயக்கம் முழுவதும் ஊசலுக்கு வந்து சேர்கிறபடியால், அறுநூறு மடங்குக்கு மேல் கனமான ஊசல் அந்த அளவுக்கு மெதுவாகவே நகரும். வினாடிக்கு ஆயிரம் அடிக்கு மேற்பட்ட வேகம் வினாடிக்கு ஒரு சில அடியாகக் குறைந்து கண்ணுக்கு அகப்பட்டுவிடுகிறது. ஊசல் எவ்வளவு சாய்ந்தது என்பதைக் காட்ட அதன் அடியில் ஒரு நாடாவைக் கட்டியிருந்தார். ஊசல் இழுத்துச் சென்ற நாடாவின் நீளத்தை அங்குலக் கோலால் அளந்து, மோதல் விதியையும் ஊசல் விதியையும் கொண்டு கணக்குப் பார்த்தால் குண்டின் வேகம் வந்துவிடும். மரத் துண்டு, இரும்புக் கோல், நாடா என்ற மூன்று எளிய பொருள்களைக் கொண்டு உலகத்தில் முதன்முதலாகக் குண்டின் வேகம் திருத்தமாக அளக்கப்பட்டது.

முக்கால் அங்குலக் குண்டு, 45 அங்குலக் குழல், குண்டின் எடையில் பாதி மருந்து என்ற ஏற்பாட்டில் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1,670 அடி என்று கண்டார். காற்று இல்லாவிட்டால் அவ்வேகத்தில் செல்லும் குண்டு 16, 17 மைல் தூரம் போய் விழ வேண்டும். உண்மையில் விழுவது அரை மைலை ஒட்டியே. மற்ற 16 மைலையும் விழுங்கிவிட்டது காற்று. பின்னர் ஊசலைச் சற்று அருகிலும் சற்றுத் தூரத்திலும் வைத்துச் சுட்டு, இடைவழியில் குண்டு இழந்த வேகத்தைக் கண்டறிந்தார். அவ்வளவு வேகத்தில் குண்டின்மேல் காற்று செலுத்தும் எதிர்ப்பு அதன் சொந்த எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் என்று அதிலிருந்து தெரிந்தது. பொருட்படுத்த வேண்டாம் என்று பெரியோர்கள் ஒதுக்கியது இந்த நூறு மடங்கையே! வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கியதும் எதிர்ப்பு திடீரென்று மிகுகிறது என்பதையும் அவர் கவனித்து எழுதி வைத்தார். ஒலியை மிஞ்சிப் பறக்கும் ஆகாய விமானங்களைக் கட்டியவர்கள் இருநூறு வருஷங்களுக்குப் பின் மல்லுக்கு நின்றது இதே எதிர்ப்போடுதான்.

மருந்தின் சக்தியையும் அவர் விடவில்லை. காற்று நீக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் மருந்தைத் தூவி எரித்து, உண்டாகும் வாயுவைப் பாதரசத்தைக் கொண்டு அளந்தார். மருந்து தான் அடைந்திருந்த இடத்தைப்போல் 244 மடங்கு இடத்தைக் கொள்ளும் வாயுவை வெளியிடுகிறது என்றும், வெடிக்கும்போதுள்ள உஷ்ணத்தையும் சேர்த்தால் அதன் அழுத்தம் வாயு மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கு என்றும் கணித்தார். இது குறைவான மதிப்பு என்று பின்வந்தவர்கள் கண்டனர். குண்டு அசைவதற்கு முன்பே மருந்து முழுவதும் எரிந்து தீர்ந்துவிடுகிறது என்று அவர் வைத்துக்கொண்டதும் பிழைதான். ரம்போர்ட் பிரபுவும், உல்விச்சில் பேராசிரியராயிருந்த சார்லஸ் ஹட்டனும் அவற்றைத் திருத்தினார்கள். ஆனால் அவர்கள் திருத்தியதும் ராபின்ஸ் தந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டுதான். ஈரமேறிய மருந்து சக்தி குறைந்து, ஒரே எடை போட்டாலும் வெவ்வேறு வேகம் தருகிறது என்று அந்நூலில் எழுதியிருக்கிறார். கடலூர்க் கடற்காற்றை அனுபவிப்பதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பு எழுதியது அது.

வேகம் தெரிந்துவிட்டது. ஆனால் குறி? ஒரே துப்பாக்கியை அசையாமல் இறுக்கிக் கட்டி, ஒரே எடை மருந்தும் ஒரே அளவுக் குண்டும் இட்டுச் சுட்டாலும், ஒரு குண்டு இடப்பக்கம் போகிறது, அடுத்தது வலப்பக்கம் போகிறது. அக்காலத்துத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கையால்தான் மருந்தை அளந்து கொட்டிக் குண்டை மேலே தள்ளிக் கெட்ட வேண்டும். வேகமாகக் கெட்டுவதற்காகக் குண்டைக் குழலின் துவாரத்தைவிடச் சிறிதாகவே வார்ப்பார்கள். ஆகையால் சுடும்போது அது குழலின் சுவர்களில் மாறி மாறி உரசிக்கொண்டு, கடைசியாக எந்தப் பக்கம் பட்டதோ அதற்கேற்ற சுழற்சியோடு வெளியே வருகிறது. சுழலும் குண்டின் ஒரு பக்கத்தில் காற்றின் எதிர்ப்பு அதிகமாகி அதை மறுபக்கம் தள்ளிவிடுகிறது என்பது ராபின்ஸின் கொள்கை.

இதை நிரூபிக்க அவர் செய்த சோதனை சிரிப்பையும் வியப்பையும் ஒருங்கே தருவது. ஒரு துப்பாக்கியின் குழல் முனையை வேண்டுமென்றே இடப்பக்கமாக வளைத்தார். குண்டு போகும் வழியில் மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகக் கட்டினார். குழல் இடப்பக்கம் வளைந்திருப்பதால் குண்டு இடப்பக்கமே போகும் என்று எவரும் சொல்வர். ராபின்ஸ் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். வளைவின் வலப்பக்கச் சுவரில் குண்டு உருண்டு வருவதால் அதற்கு ஒரு சுழற்சி உண்டாகும், தொடக்கத்தில் இடப்புறம் சென்றாலும் போகப் போக அது வலப்பக்கம் திரும்பிவிடும் என்றார். காகிதத் துளைகள் அவர் சொன்னபடியே காட்டின. முறுக்கிய இரட்டைக் கயிற்றில் மரப்பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, கயிறு முறுக்கு அவிழ்ந்து பந்து சுழலச் சுழல ஊசல் பக்கவாட்டில் விலகுவதையும் நண்பர்களுக்குக் காட்டினார். கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் சுழற்றிவிட்ட பந்து ஆகாயத்தில் வளைவதைக் காண்கிறோமே, அதன் காரணமும் இதுதான். 1852-இல் மாக்னுஸ் என்ற ஜெர்மானியர் இதை ஆராய்ந்ததால் பெயர் அவருக்குப் போய்விட்டது.

சுழற்சி தீது செய்கிறதென்றால் அதைக் கொண்டே நன்மை செய்து கொள்ளலாம் என்று ராபின்ஸ் கண்டதுதான் அவருடைய புத்தி நுட்பத்தின் சிகரம். குழலின் உட்புறத்தில் புரி வெட்டிய துப்பாக்கிகள் ஜெர்மனியிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் வேடர்களிடம் முன்னமே இருந்தன. அவை குறி தப்பாமல் சுடுவதன் காரணத்தை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். குண்டு திருகாணிபோல் காற்றைத் துளைத்துச் செல்கிறது என்றார் சிலர். ராபின்ஸ் 1747-இல் ராயல் ஸொஸைட்டியில் படித்த கட்டுரையில் உண்மையை விளக்கினார். புரியில் இறுகப் பிடித்து வரும் குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது. ஆகவே எப்பக்கத்திலும் எதிர்ப்பு சமமாகி, பக்கவாட்டில் தள்ள ஒன்றுமில்லாமல் போகிறது. குண்டை உருண்டையாக வார்ப்பதைவிட முட்டை வடிவில் வார்ப்பது மேல் என்றும் அவர் யோசனை கூறினார். புரித் துப்பாக்கியின் தத்துவத்தை முதலில் உணர்ந்து தன் படைக்குக் கொடுக்கும் தேசம் மற்றத் தேசங்களை மிஞ்சிவிடும் என்றும் எச்சரித்தார். அவர் தேசத்தார் அதைக் காதில் வாங்கிக்கொள்ள ஏறக்குறைய நூறு வருஷம் சென்றது.

இக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலக்குப் போட்டிகளுக்காகக் கைத்துப்பாக்கி பயில்வோரில் பலர் கடைத் தோட்டாவில் திருப்தியுறாமல் தாமே தோட்டா நிரப்பிக்கொள்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன் என்பது கணக்கு. அவர்களோ ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்குவரை மருந்தை நிறுத்துப் போடுகிறார்கள். மின்கருவியில் பத்துக் குண்டுகளின் வேகத்தைப் பார்த்து, மிகப் பெரிய வேகத்தை விரும்பாமல், பத்தும் ஒன்றுபோல் இருப்பதையே விரும்புகிறார்கள். இது ராபின்ஸின் ஊசல் பெற்ற குழந்தை. ஆனால் கைத்துப்பாக்கிக்காரருக்கு அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பே முதலாவதைவிட அதிக உதவி என்பது எம் அபிப்பிராயம். வினாடிக்கு 250 மீட்டர் வேகமுள்ள குண்டு 50 மீட்டர் செல்வதற்குள் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தாழ்கிறது. வேகம் நூற்றுக்கு இரண்டு குறைந்தால் மேலும் 8 மில்லிமீட்டர் தாழும், அவ்வளவே. 25 மீட்டரிலோ வித்தியாசம் 2 மில்லிமீட்டர். இலக்கில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுமானால் குற்றவாளி பெரும்பாலும் மருந்தின் எடையன்று. குண்டு குழலுக்கு அளவாக இல்லாமையோ, தோட்டாவில் கோணலாக அமர்ந்தமையோ, குண்டின் கனம் அதன் நடு அச்சில் நில்லாமையோ அதைச் செய்திருக்கும். தராசை மாத்திரம் நம்புகிறவர்கள் வளைந்த குழலின் கதையை நினைவில் வைப்பது நலம்.

இனி ஆய்லர் சண்டையின் முடிவைச் சொல்வோம். ப்ரஷ்ய மன்னர் ப்ரெடெரிக், பீரங்கி சாஸ்திரத்தில் சிறந்த நூல் எது என்று தம் வித்வத் சபையிலிருந்த ஆய்லரைக் கேட்டார். தம்மைத் தாக்கி எழுதிய மனிதருடைய நூலையே ஆய்லர் எடுத்துக் காட்டினார். அத்துடன் நில்லாமல் 1745-இல் அதை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்து, மூலத்தைப்போல் பல மடங்கு நீண்ட விருத்தியுரையும் சேர்த்தார். கல்வியுலகில் இப்படிப்பட்ட பெருந்தன்மை அடிக்கடி காணக் கிடைப்பதன்று. அவ்வுரை பின்னர் பிரெஞ்சிலும் வந்தது. இளம் பீரங்கிப் படை அதிகாரியாயிருந்த நெப்போலியன் அதைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்தான். ராயல் ஸொஸைட்டியும் தன் காப்ளி பதக்கத்தை 1746-ஆம் வருஷத்துக்கென ராபின்ஸுக்கு அளித்தது.

புகழ் வந்ததே ஒழிய நிலையான பதவி வரவில்லை. 1747-இல் பெர்கன் ஆப் ஸூம் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டபோது டச்சுக்காரர்கள் அவரை உதவிக்கு அழைத்தார்கள். அவர் போய்ச் சேருவதற்கும் கோட்டை விழுவதற்கும் சரியாக இருந்தது. கப்பற் படைக்கு நீண்ட பீரங்கிகளைக் குறைத்து, அதே எடையில் பெரிய குண்டு சுடும் பீரங்கிகளை வார்க்க வேண்டும் என்று அவ்வருஷமே ஒரு யோசனை வெளியிட்டார். அது பயன்பட்டது அவர் மறைந்து வெகுகாலத்துக்குப் பிறகே. உலகைச் சுற்றி வந்த ஆன்ஸன் பிரபுவின் யாத்திரை நூல் 1748-இல் வெளிவந்து பெரும் பேர் பெற்றது. அட்டையில் கப்பல் பாதிரியார் வால்ட்டரின் பெயர் இருந்தாலும் எழுதிய கை ராபின்ஸுடையது என்ற பேச்சு அப்போதே உண்டு. எவ்வளவு அவருடையது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 1749-இல் சமாதானக் கொண்டாட்டத்துக்காக லண்டனில் வாணவேடிக்கை நடந்தபோது ஊரெல்லாம் ஆனந்தித்துக் கொண்டிருக்க, ராபின்ஸ் வாணங்கள் எவ்வளவு உயரம் செல்கின்றன என்று அளப்பதில் ஈடுபட்டார்! அந்த ஆராய்ச்சியையும் ஒரு கட்டுரையாக்கினார். வாணத்தை யுத்தத்தில் ஏவினால் என்ன ஆகும் என்பதை முப்பது வருஷங்களுக்குப் பின் காஞ்சீபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படையார் ஆங்கிலேயருக்கு நேரிலேயே காட்டினார்கள்.

அந்தச் சமாதானத்தின் பயனாகத்தான் ராபின்ஸ் நம் தேசத்துக்கு வர நேர்ந்தது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டிருந்தனர். 1749-இல் அது திரும்பக் கிடைத்தபோது, தங்கள் கோட்டைகள் எவ்வளவு பலவீனமானவை என்பதைக் கும்பெனியார் நன்கு உணர்ந்திருந்தார்கள். எல்லைத் தகராறு பேசப் பாரிஸுக்குப் போகும் கமிஷனர் வேலை ஒன்று, கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமைப் பொறியாளர் வேலை ஒன்று, ஆக இரண்டு வேலைகள் ராபின்ஸின் முன் வைக்கப்பட்டன. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1749-ஆம் வருஷக் கடைசியில் புறப்பட்டு, வழியில் கப்பல் சேதத்துக்குத் தப்பி, ஸெயின்ட் டேவிட் கோட்டையை அடைந்தார். சென்னையை இழந்த நாளிலிருந்து கும்பெனியாருக்குச் சோழமண்டலக் கரையில் அதுவே தலைமை இடமாக இருந்தது.

வரும்போது வானசாஸ்திரக் கருவிகளையும், சோதனைக்கு வேண்டிய கருவிகளையும் பெட்டி பெட்டியாக உடன் கொண்டு வந்திருந்தார். கோட்டை வேலைக்கிடையே நம் வானத்தையும் காற்றையும் ஆராயலாம் என்பது அவர் எண்ணம். வந்த இரண்டு மாதத்தில் ஜுரம் பிடித்தது. மூன்று வாரத்தில் எழுந்து நடமாடினார். ஸெயின்ட் டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் திட்டங்கள் வரைந்து முடித்தார். ஆனால் உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை. அடுத்த கோடையில் மெலிவு மிகுந்தது. கும்பெனி டைரெக்டர்களுக்கு அறிக்கை எழுதும் பணியில் கையில் பேனாவோடு இருந்த நிலையிலேயே அவர் மரணம் எய்தினார் என்று அவருடைய நண்பர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அவர் போட்ட திட்டங்கள் யாருக்கு அரண் செய்வதற்காக என்பதில் நமக்கு மயக்கம் இருக்க வேண்டுவதில்லை. அவர் இறந்த மறு மாதத்திலேயே கிளைவ் ஆர்க்காட்டுப் படையெடுப்புக்குக் கிளம்பினான். நம் நாட்டை விழுங்கிய கதையின் முதல் அத்தியாயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பீரங்கி சுட்டு ஊர்களைக் கவர்ந்தவர்களுக்குப் பீரங்கிக் கணிதத்தின் பிதாவே ஊழியராக வந்து சேர்ந்தார். அவருடைய ஊசலும் நாடாவும் அதனால் பொய்யாகிவிடவில்லை. குண்டு யாருடைய குழலிலிருந்து வந்தாலும் அதன் வேகம் ஒரே விதமாகத்தான் அளக்கப்படுகிறது. க்வேக்கர் தகப்பனாருக்கு மகனுடைய இந்த வித்தையைப் பற்றி என்ன தோன்றியிருக்குமோ என்ற நினைவு மட்டும் அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது நம்மை விடுவதில்லை.

தம் நூல்களைப் பதிப்பிக்கும் பொறுப்பை ராயல் ஸொஸைட்டித் தலைவரான மார்ட்டின் போக்ஸுக்கு அவர் விட்டுச் சென்றார். போக்ஸ் நோயுற்றதால் அது நடைபெறவில்லை. பத்து வருஷம் கழித்து, 1761-இல், டாக்டர் ஜேம்ஸ் வில்ஸன் என்ற நண்பர் அவற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதற்குள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையே போய்விட்டது. 1758-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளகர்த்தன் லாலி அதைப் பிடித்து மதில்களைத் தகர்த்துவிட்டான். கெடிலம் ஆற்றங்கரையில் இன்று எஞ்சி நிற்பவை சில இடிபாடுகள். குண்டு உப்பலவாடி அப்பெயருடனேயே இருக்கிறது.